காலர் மைக்

சித்தேரி மலை,
16.6.2024

அன்புள்ள சுசீக்கு,

நலம். நீயும், சந்திரமோகன் அண்ணனும், பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செய்தி மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் பச்சியப்பன் சார் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறிப் பேசிவிட்டு, இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தார்: "டீச்சர், உங்க சிநேகிதி சுசித்ராதான் நம்ம ஒன்றியத்துக்கு டெக்னாலஜி கோச்சாம். இனிமே நம்ம ஸ்மார்ட் போர்டுக்கு உசுரு வந்துரும்!"

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு வயிறு எரிந்தது. நானும்தானே விண்ணப்பம் போட்டேன். நேர்காணலில் உன்னோடு அவ்வளவு நேரம் பேசியவர்கள், என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்: "மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறுவீர்களா?" அதோடு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் கொல்லைக்குப் போய்ச் சாயங்காலம் வரை கல் பொறுக்கி எறிந்தேன். எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "யாரு மேல கோவமோ தெரில, பாதிக் கொல்ல சுத்தமாயிடுச்சு. இன்னொருத்தருக்கும் இதே மாதிரி வேல கெடைச்சா மீதியும் முடிஞ்சிரும்" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்ததும் எரிச்சல் போய்விட்டது. இப்போது சந்தோஷம் மட்டும்தான் இருக்கிறது. என் விடுதித் தோழி கோச் என்றால் எனக்கும் பெருமைதானே.

போர்டு வந்து மாட்டியதோடு சரி, மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட சார் பிரிக்க விடவில்லை. பிள்ளைகள் அதில் முகம் பார்த்துத் தலை வாருகிறார்கள். ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டே பேர். சீக்கிரம் வந்து வழி காட்டு.

கடிதத்தைக் காலைப் பஸ் கண்டக்டர் இன்னாசி அண்ணனிடம் கொடுக்கிறேன். அரூர் வட்டார அலுவலகத்தில் உன் மேசைக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். பதிலையும் அவரிடமே கொடு.

உன்
லதா


மொரப்பூர்,
30.6.2024

என் அன்பு லதாவுக்கு,

ஆசை முத்தங்கள். உன் கடிதத்தைச் சந்திரமோகனுக்கு வாசித்துக் காட்டினேன். ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து சிரிப்பையே மறந்த மனிதர், கல் பொறுக்கிய கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். "அந்தம்மா மனசுல இருக்கறத அப்படியே எழுதறாங்க, உன்ன மாதிரி இல்ல" என்று எனக்கும் ஒரு குத்து.

என் வேலையைக் கேள். கோச் என்றால் ஏதோ பெரிய நாற்காலி என்று நினைக்காதே. ஒரு பள்ளியில் போர்டுக்குப் பழைய சேலை போர்த்தி, பொட்டும் வைத்து, சாமி படம் மாதிரி வைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் பாஸ்வேர்டு தெரிந்த டீச்சர் மாறுதலில் போய்விட்டார். அவர் போன நாளிலிருந்து அது கறுப்புச் சுவர். ஓர் ஊரில் தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா, அந்த ஃபேனையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க" என்றார். பட்டமும் பயிற்சியும் படித்து எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டேனடி!

ஆனாலும் ஒரு சுகம் இருக்கிறது. பயந்துபோய் நிற்கும் ஒரு டீச்சர் கையைப் பிடித்துப் போர்டில் முதல் கோடு போட வைப்பேன். அவர் முகம் மலரும். அந்த முகத்துக்காகத்தான் பஸ் மாறி பஸ் ஏறுகிறேன். ஒன்று மட்டும் குறை. எனக்கென்று ஒரு வகுப்பு கிடையாது. எந்தப் பிள்ளைக்கும் என் பெயர் தெரியாது. "போர்டு டீச்சர் வந்துட்டாங்க" என்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் உன்னிடம் வருகிறேன். நான் வரும்வரை எதையும் தொடாதே. பிளாஸ்டிக்கை நான்தான் பிரிப்பேன்!

உன் உயிர்த்தோழி
சுசீ


சித்தேரி மலை,
11.8.2024

அன்புள்ள சுசீ,

நீ இறங்கிப் போன பஸ் வளைவில் மறையும்வரை பிள்ளைகள் கையசைத்துக்கொண்டே இருந்தார்கள். நீ திரும்பிப் பார்த்தாயா, தெரியவில்லை. நீ விட்டுப்போன காலர் மைக்கை நகை மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டுகிறார் சார். காலையில் எடுத்து என் கையில் கொடுக்கும்போது ஒரு கும்பிடு வேறு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போர்டில் எழுதுவதையும் பேசுவதையும் எப்படிப் பதிவு செய்வது என்று காட்டிக்கொடுத்தாய் அல்லவா? எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒன்றாம் வகுப்புக்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் நானே பாடம் நடத்தினால்? மாலையில் பிள்ளைகள் போனபிறகு, காலி வகுப்பில் நின்று நாளைய கணக்கைப் பதிவு செய்தேன். மறுநாள் போர்டில் ஒரு லதா பின்னம் நடத்துகிறாள். தரையில் ஒரு லதா 'அ' எழுதவைக்கிறாள். முதல் நாள் பிள்ளைகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "டீச்சர், நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

போர்டு லதாவுக்குக் கண் தெரியாது இல்லையா? அதனால் நடுநடுவே நிறுத்தி, "இப்ப பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேளு, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பதையும் பதிவு செய்தேன். ஐந்தாம் வகுப்பு அன்பரசி எந்நேரமும் சன்னலுக்கு வெளியேதான் பார்ப்பாள். விளையாட்டாக நடுவில் ஓரிடத்தில், "அன்பரசி, சன்னல விட்டுட்டு இங்க பாரு" என்று சேர்த்துவிட்டேன். மறுநாள் சரியாக அந்த நேரத்தில் அவள் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்! சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். அன்றிலிருந்து போர்டு லதாவுக்கு என்னைவிட மரியாதை அதிகம்.

பின்னத்துக்குச் சாமையும் அதை அளக்கும் வள்ளமும்தான். அரை வள்ளம், கால் வள்ளம் என்று அளந்து காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. வீட்டில் தினமும் அளக்கிறார்களே. பென் டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுக் குறை சொல்.

தொண்டைதான் கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது. நீ சொன்னபடி மைக் வைத்துக்கொண்டால் வகுப்பில் கத்த வேண்டியதில்லை, அது பெரிய உதவி.

உன்
லதா


மொரப்பூர்,
25.8.2024

என் லதாவுக்கு,

பார்த்தேன், பார்த்தேன்! நன்றாக வந்திருக்கிறது. சில குறைகள். சன்னல் வெளிச்சம் உன் பின்னால் விழுவதால் முகம் இருட்டாக இருக்கிறது. இடப்பக்கம் நின்று பேசு. மைக்கைத் தாலிக்கொடியில் உரசாமல் மாட்டு, கறகறவென்று கேட்கிறது. நிறுத்தி நிறுத்திப் பேசச் சொன்னேன் அல்லவா, அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாய். பதிவு செய்து காட்டலாம் என்ற பேச்சும் அன்று நாம் சாப்பிடும்போது வந்ததுதானே? நான் போட்ட விதை இவ்வளவு சீக்கிரம் முளைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

மாதக் கூட்டத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் போட்டுக் காட்டினேன். ஃபேன் பார்க்கச் சொன்ன அந்தத் தலைமையாசிரியைகூட நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் ஒரே சத்தம். "யாருங்க இந்த டீச்சர்? எந்த ஊரு? நம்பர் குடுங்க." பெயரையும் ஊரையும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கற்றுக்கொடுத்தது யார் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. நான் அதற்காகச் சொல்லவில்லை, வேடிக்கையாக இருந்தது, அதனால் எழுதினேன்.

அடுத்த பதிவை அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு தடவை காட்டு. திருத்திக் கொடுக்கிறேன்.

உன்
சுசீ


சித்தேரி மலை,
6.10.2024

அன்புள்ள சுசீ,

எல்லாரும் வந்துபோன களைப்பு இன்னும் தீரவில்லை. சென்னையிலிருந்து அதிகாரிகள், மாவட்ட அலுவலர், பத்திரிகைக்காரர் என்று எங்கள் பள்ளி வாசலில் இத்தனை ஜீப்பை நான் பார்த்ததே இல்லை. நீ கூட இருந்ததால்தான் எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தது. கரண்ட் போனபோது பேட்டரியை நீ மாற்றிப் போடாவிட்டால் மானம் போயிருக்கும்.

பத்திரிகையில் படம் வந்ததைப் பார்த்தாயா? எனக்கு அழுகையே வந்தது. நானும் போர்டும் முழுசாக இருக்கிறோம். ஓரத்தில் உன் முழங்கையும் ஒரு வளையலும் மட்டும் இருக்கிறது. "இது போர்டு டீச்சர் கை!" என்று பிள்ளைகள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். நிருபரிடம் உன் பெயரை இரண்டு முறை சொன்னேன், எழுத்துக் கூட்டியும் சொன்னேன். அவர் எழுதவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

சனவரிக் கடைசியில் சென்னையில் ஆசிரியர் மாநாடாம். அங்கே வந்து பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் எங்கே, மேடை எங்கே. உன்னையும் அழைக்கச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள்.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் பாறைக்குப் போய் உனக்குப் போன் செய்ய முடியாது. கொஞ்ச நாளைக்கு. நீ கூப்பிட்டாலும் எடுக்காமல் இருந்தால் தப்பாக நினைக்காதே, எழுதுகிறேன். காரணத்தை நேரில் சொல்கிறேன்.

உன்
லதா


மொரப்பூர்,
20.10.2024

அன்பு லதாவுக்கு,

நலம்தானே? பெரிய ஆள் ஆகிவிட்டாய், நலமாகத்தான் இருப்பாய்.

இரண்டு ஞாயிறும் கூப்பிட்டேன், ஒரு ஞாயிறாவது எடுத்திருக்கலாம். "காரணத்தை நேரில் சொல்கிறேன்" என்றால் என்ன அர்த்தம்? விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்ட நமக்குள் நேரில் சொல்லவேண்டிய காரணம் என்ன வந்துவிட்டது? சென்னைக்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் பாறை ஏறுவாயோ என்னவோ. கோபமில்லை. எழுதத் தோன்றியது.

இங்கே எந்தப் பள்ளிக்குப் போனாலும் உன் பேச்சுதான். நான் உள்ளே நுழைந்ததும், "சித்தேரி டீச்சர் வீடியோ கொண்டாந்தீங்களா?" நான் ஒரு பாடம் எடுத்துக் காட்டினால், "அந்தம்மா வேற மாதிரி பண்ணுவாங்க இல்லீங்களா" என்கிறார்கள். போன வாரம் அலுவலகத்தில் கூப்பிட்டு, "சுமலதா மேடம் வீடியோ எல்லாத்தையும் எல்லாப் பள்ளிக்கும் காப்பி போட்டுக் குடுத்துருங்க. காப்பி போடறது நீங்கதானே?" என்று கேட்டார்கள். ஆமாம், நான்தான். பை நிறையப் பென் டிரைவோடு அரூர்ச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நினைத்துக்கொண்டேன்: நான் உன் பாடத்தைச் சுமந்துபோகும் தபால்காரி. சிரிப்பாக இல்லையா?

இன்னொன்று. காலர் மைக் ஒரே பள்ளியில் தொடர்ந்து இருக்கக்கூடாது. விதி அப்படி. மற்றப் பள்ளிகளுக்கும் சுழற்சியில் போக வேண்டும். மலைக்கு மட்டும் சலுகை காட்டுகிறேன் என்று பேச்சு வந்துவிடக்கூடாது பார். இன்னாசியிடம் கொடுத்தனுப்பிவிடு. உன் குரலுக்கு மைக் எதற்கு? விடுதியில் நீ பாடினால் மூன்றாம் மாடிவரை கேட்குமே.

பாப்பா உன்னை விசாரித்தாள். அண்ணனுக்கு என் வணக்கம்.

சுசித்ரா


சித்தேரி மலை,
10.11.2024

அன்புள்ள சுசீ,

உன் கடிதத்தை மூன்று நாளாகப் பையிலேயே வைத்திருந்தேன்.

மைக்கை இன்னாசி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். துணியில் சுற்றி, அதன் சார்ஜரையும் வைத்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு வரையாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். விதி என்று எழுதிவிட்டாய், உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சார்தான் வருத்தப்பட்டார். "நான் ஒரு வார்த்த பேசிப் பாக்கட்டுமாம்மா?" என்றார். வேண்டாம் சார், அவளும் ஒரு இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள் என்றேன்.

சுசீ, வீடியோக்களில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் போடு. என்னைக் கேட்கத் தேவையில்லை. நீ இல்லாமல் நான் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரித்திருக்க மாட்டேன்.

மழை விடாமல் பெய்கிறது. தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருக்கிறது. மற்றபடி எல்லாம் அப்படியேதான்.

உன்
லதா


மொரப்பூர்,
15.12.2024

லதாவுக்கு,

ஒரு மாதமாகப் புதிய வீடியோ எதுவும் வரவில்லை. அலுவலகத்தில் என்னைக் கேட்கிறார்கள். "மேடம் ஏன் நிறுத்திட்டாங்க? நீங்க சப்போர்ட் பண்றதில்லையா?" என்று. நல்லது நடந்தால் மேடம், நின்றுபோனால் நான். பெயர் கிடைத்ததும் வேலை குறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் சொல்லிவிடக்கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

மைக்கைத்தான் காரணமாகச் சொல்வாய் என்று தெரியும். அது இன்னும் எங்கும் போகவில்லை, என் பீரோவில்தான் இருக்கிறது. கொடுக்க நினைத்த பள்ளியில் போர்டே வேலை செய்யவில்லை. போனில் பதிவு செய்தாலும் வேலை நடக்கும். மனம் இருந்தால் போதும்.

பெயர் போடச் சொல்லியிருந்தாய். பிச்சையாக எனக்கு எதுவும் வேண்டாம்.

சுசித்ரா


சித்தேரி மலை,
5.1.2025

அன்புள்ள சுசீ,

புத்தாண்டு வாழ்த்துகள். இதை என் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று நாள் முன்புதான் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார்கள்.

பயப்படாதே. குரல் நாணில் சின்னச் சின்ன முடிச்சுகள். அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். கெட்டது எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செப்டம்பரிலேயே தருமபுரியில் காட்டினேன். "போன்ல பேசாதீங்க, கத்தாதீங்க, வகுப்புல மைக் இல்லாம வாயத் தெறக்காதீங்க" என்றார் அந்த டாக்டர். அதனால்தான் பாறைக்கு வரவில்லை. அங்கே காற்றில் கத்தினால்தானே உனக்குக் கேட்கும். உன்னிடம் அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்னை வகுப்பிலிருந்து எடுத்து ஏதாவது மேசையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். உன்னிடம் சொன்னால் நீ என் நல்லதுக்கென்று அங்கே சொல்லிவிடுவாய் என்றும் பயந்தேன். வகுப்பில்தான் என் உயிர் என்று உனக்குத் தெரியும்.

டிசம்பரில் ஒருநாள், மழைச் சத்தத்துக்கு மேலே ஆறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பிள்ளைகள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அன்பரசிதான் முதலில் எழுந்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவளே என் இடத்தில் நின்று மீதி வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்து முடித்தாள். நான் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் பேசக்கூடாது. வீட்டுக்காரரிடம் சைகைதான். "இருவது வருசம் நீ பேசின, நான் கேட்டேன். இப்ப நான் பேசறேன், நீ கேளு" என்று கிண்டல் செய்கிறார். ஆனால் கொல்லையில் தனியாக உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன்.

சென்னைக்கு என்னால் வர முடியாது என்று எழுதிவிட்டேன். அது பெரிய விஷயமில்லை. ஐந்து வகுப்பையும் சார் ஒருவரே பார்க்கிறார், அதுதான் பெரிய விஷயம். பெரிய பிள்ளைகளுக்குப் போர்டு லதா இருக்கிறாள். ஒன்றாம் வகுப்புக்குப் போர்டு போதாது, கை பிடித்து எழுதவைக்க ஆள் வேண்டும். சுசீ, பொங்கல் விடுமுறை முடிந்தபின், 27ஆம் தேதி முதல் ஒரு வாரம் நீ வந்து நடத்துவாயா? பள்ளிப் பார்வை என்று எழுதிக்கொள்ளலாம், சார் கையெழுத்துப் போடுவார். ஒரு வகுப்பு இல்லையே என்று முதலில் எழுதியிருந்தாய். என் வகுப்பை உனக்குத் தருகிறேன். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

மைக்கைப் பற்றி நீ கடைசியாக எழுதியதைப் படித்தேன். இப்போது அது வேண்டாம். நீ வா.

உன்
லதா


மொரப்பூர்,
12.1.2025

என் லதா, என் கண்ணே,

உன் கடிதத்தை அலுவலக மேசையில் வைத்துப் படித்தேன். எல்லாரும் பார்க்க அழுதுவிட்டேன். எனக்கு எதுவுமே தெரியாதே! நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. நான் என்னவெல்லாம் எழுதிவிட்டேன். அந்தக் கடிதங்களையெல்லாம் கிழித்துப் போடு. சந்திரமோகன் என்னோடு இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. "மைக்க ஏன் வாங்கின?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

வருகிறேன். 27ஆம் தேதி திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். இன்னாசியிடம் முன் சீட்டு பிடித்து வைக்கச் சொல்லிவிட்டேன். மைக்கையும் என் கையாலேயே கொண்டுவருகிறேன். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து அட்டைகள் செய்யத் தொடங்கிவிட்டேன். பாப்பா வண்ணம் தீட்டுகிறாள். எத்தனை வருடமாயிற்றடி ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைத்து!

பிள்ளைகளிடம் சொல்லிவை. சுசித்ரா டீச்சர் வருகிறாள் என்று சொல். போர்டு டீச்சர் என்று சொல்லாதே.

உன் உயிர்
சுசீ


சென்னை,
2.2.2025

என் அன்பு லதாவுக்கு,

என்மேல் கோபமாக இருப்பாய். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

24ஆம் தேதி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். "சுமலதா மேடத்துக்குப் பதிலா நீங்க பேசிடுங்க. அந்த முறை உங்களுக்குத்தான் முழுசாத் தெரியும்" என்றார்கள். திங்கட்கிழமையே சென்னையில் இருக்க வேண்டும், ஒரு வாரம். நான் எப்படி மறுப்பது? யாரும் போகாவிட்டால் உன் உழைப்பு அப்படியே போய்விடுமே. எல்லாம் உனக்காகத்தான் லதா. உனக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம் என்று இன்னாசிக்குப் போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. அப்புறம் அலைச்சலில் விட்டுப்போயிற்று.

அந்த மண்டபத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! எத்தனை மாவட்டத்து ஆசிரியர்கள்! உன் வீடியோவைப் போட்டேன். அரை வள்ளம், கால் வள்ளம் என்று நீ அளக்கிறாய், பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்கள். "நான் காத்திருக்கேன்" என்று நீ நிற்கும் இடத்தில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். உன் குரல் என் பக்கத்திலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் நானே பேசுவதுபோல இருந்தது, லதா. அப்படி ஒரு நிறைவு எனக்கு இதுவரை வந்ததில்லை.

பிறகு கேள்விகள். "இந்த யோசனை எப்படி வந்தது?" என்றார்கள். நானும் என் தோழியும் பேசிப் பேசி உருவாக்கினோம் என்றேன். அது பொய் இல்லையே. உன் பெயரைச் சொன்னேன். உடம்பு சரியில்லை என்றும் சொன்னேன், எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். இந்த முறை நான் முழுசாக இருக்கிறேன். மாநிலக் குழுவில் என்னைச் சேர்க்கப்போவதாகப் பேச்சு. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

மைக் என் கைப்பையிலேயே இருக்கிறது. மேடையில் அதைத்தான் மாட்டிக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் அனுப்புகிறேன். எழுத்து அட்டைகளும் தயார். இந்த மாதக் கடைசியில் கண்டிப்பாக வருகிறேன். பிள்ளைகள் என்னைத் தேடினார்களா?

உன்
சுசீ


அனுப்புநர்
சுமலதா கரியன்,
இடைநிலை ஆசிரியர்,
தொடக்கப் பள்ளி,
சித்தேரி மலை.

பெறுநர்
திருமதி சுசித்ரா சந்திரமோகன் அவர்கள்,
தொழில்நுட்பப் பயிற்றுநர்,
வட்டார அலுவலகம், அரூர்.

நாள்: 17.2.2025

பொருள்: காலர் மைக் திரும்பக் கோருதல், வேறு பயிற்றுநரை அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். மருத்துவ விடுப்பு முடிந்து நான் இன்று பணியில் சேர்ந்துள்ளேன். தாழ்ந்த குரலில் பேசலாம் என்று மருத்துவர் அனுமதித்துள்ளார். மைக் இல்லாமல் வகுப்பு எடுக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துள்ள சான்றை இணைத்துள்ளேன். கருவிகள் பள்ளிக்குப் பள்ளி மாற்றப்பட வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை என்பதைத் தலைமையாசிரியர் அலுவலகத்தில் கேட்டறிந்து தெரிவித்தார். எனவே மைக்கைக் கண்டக்டர் திரு. இன்னாசி அவர்களிடம் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் 27.1.2025 அன்று காலைப் பஸ்ஸில் வருவதாகத் தெரிவித்திருந்ததால், ஒன்றாம் வகுப்பு மாணவர்கள் தலை வாரிப் பூ வைத்து, பஸ் நிறுத்தத்தில் வரிசையாக நின்றனர். பஸ்ஸில் தாங்கள் இல்லாததால், அடுத்த பஸ்ஸில் வருவீர்கள் என்று கூறி நண்பகல் வரை அங்கேயே இருந்தனர். தலைமையாசிரியர் சென்று அழைத்து வந்தார். மறுநாளும் சிலர் சென்றனர். தாங்கள் கேட்டிருந்ததால் இதைத் தெரிவிக்கிறேன்.

என் பாடப் பதிவுகளை எல்லாப் பள்ளிகளும் பயன்படுத்திக்கொள்ளலாம். எனக்கு மறுப்பில்லை. என் பெயர் போடத் தேவையில்லை. யாருடைய பெயர் போட்டாலும் எனக்கு ஒன்றுதான், பிள்ளைகளுக்குப் பின்னம் புரிந்தால் போதும்.

இனி எங்கள் பள்ளிப் பார்வைக்கு வேறு பயிற்றுநரை அனுப்புமாறு தலைமையாசிரியரின் ஒப்புதலோடு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுமலதா கரியன்

சுசீ, மேலே எழுதியது அலுவலகத்துக்கு. இது உனக்கு. இதை எழுதும்போது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அந்தப் புள்ள எப்பனா வந்தா வூட்ல சோறு போடு. சண்ட போட்டு அனுப்பிடாத" என்றார். போடுகிறேன். வா, சாப்பிடு, பாப்பாவையும் கூட்டி வா. என் வகுப்புக்குள் மட்டும் வராதே.